மிஸ் ட்வெட்டனுக்கு மறுப்பில்லை

தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறையாவது "முடியாது" என்று சொல்லிவிட வேண்டும் என்று லோவெல் பிரெக்கி சபதம் எடுத்தார். எடுத்த இடம், உறைந்த ஏரியின் நடுவே அவரே பலகை பலகையாக அடித்து எழுப்பிய மீன்பிடிக் குடிசை. சாட்சி, வாளியில் கிடந்த ஒரு பெர்ச் மீன். அது வாயைத் திறந்து திறந்து மூடியதே தவிர, மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொள்ளும் புத்தி அப்போது அவருக்கு இல்லை.

ஜனவரி மாதத்தில் அந்த ஏரி பேசும். பனிக்கட்டி இறுக இறுக, அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடி அடங்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகும். லோவெலுக்கு அது தாலாட்டு. ஒரு சிறிய இரும்பு அடுப்பு, ஒரு முக்காலி, பனியில் துளைத்த ஒரு வட்டத் துவாரம், அதற்குள் தொங்கும் தூண்டில். தானியக் கிடங்கில் மேலாளராக உழைத்த காலமெல்லாம், ஓய்வு என்றால் இதுதான் என்று அவர் கனவு கண்டிருந்தார்.

அந்தக் கனவுக்குக் குறுக்கே நின்றது ஓட்டர் பெண்ட் பொதுப் பள்ளி அறக்கட்டளையின் நிர்வாகக் குழு. அதில் அவர் ஓர் உறுப்பினர். அவருடைய மனைவி ஆர்டிஸ் தலைவர்.

சம்பளம் இல்லாத வேலை. பள்ளிக்கு வரும் அரசுப் பணம் எட்டாத மூலைகளையெல்லாம் அந்த அறக்கட்டளைதான் எட்டிப் பார்த்தது: பேண்டு குழுவுக்கு ஊதுகுழல், கிழிந்த காலணியோடு பனியில் நடந்து வரும் பிள்ளைகளுக்குப் பூட்ஸ். நல்ல காரியம்தான், லோவெலும் மறுக்க மாட்டார். ஆனால் செவ்வாய் மாலை கூட்டம். புதன் உறைகளில் முகவரி ஒட்டுதல். வியாழன் பழைய மாணவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுதல். வெள்ளி ஏலத்துக்கு மேசை அடுக்குதல். ஞாயிறு தேவாலயம், திங்கள் ஆர்டிஸ் சொல்லும் எடுபிடி வேலை. மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான். சனிக்கிழமை மீன்கள் கடிப்பதில்லை என்று அவர் உறுதியாக நம்பினார்.

குழுவில் அவர் சேர்ந்த கதை சுருக்கமானது. ஆர்டிஸ் மறந்து வைத்துவிட்டுப் போன கேக் தட்டைக் கொடுக்கத்தான் அன்று கூட்டத்துக்குப் போனார். "இந்தா, ருசி பாரு" என்று ஆர்டிஸ் ஒரு பெரிய எலுமிச்சைக் கேக் துண்டை அவர் வாயில் திணித்தார். திணித்த கையோடு திரும்பி, "காலியா இருக்கிற இடத்துக்கு லோவெலை முன்மொழியறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?" என்றார். வாயில் கேக். "மறுப்பில்லை. நிறைவேறியது."

அந்தக் குழுவின் வழக்கமே அதுதான். ஆம் என்று யாரும் கை தூக்க வேண்டியதில்லை. மௌனமாக இருந்தால் போதும், சம்மதம். ஒரே ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். ஆனால் ஓட்டர் பெண்ட் ஊரில் மறுப்பது என்பது, பிறர் வீட்டுக் கம்பளத்தில் சேற்றுக் காலை வைப்பது போன்றது. பிடிக்காத குழம்பைப் பரிமாறினால்கூட "இதுவும் ஒரு விதமாத்தான் இருக்கு" என்பார்களே தவிர, வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே அந்தக் குழுவில் எந்தத் தீர்மானமும் விழுந்ததே இல்லை.

அந்த விதியை எழுதியவர் மிஸ் ட்வெட்டன். பள்ளி நூலகர், அறக்கட்டளையைத் தொடங்கியவர். குழுவில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் புத்தகம் வாங்கிப் படித்து, அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். அவருடைய மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கும். தலையில் ஒரு குமிழ், தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும். நூலகத்தில் யாராவது வாயைத் திறந்தால் மிஸ் ட்வெட்டன் அதை ஒரு முறை தட்டுவார். இரண்டாம் முறை தட்டும் தேவை அவருக்கு என்றுமே ஏற்பட்டதில்லை.

அவர் காலமாகிச் சில குளிர்காலங்கள் கடந்துவிட்டன. ஆனால் குழுவிலிருந்து அவர் விலகவில்லை. அவர் இடத்தை நிரப்ப யாரும் முன்வரவில்லை; அவர் பெயரை நீக்க வேண்டும் என்று முன்மொழிய யாருக்கும் துணிவில்லை. கூட்டம் நடப்பதும் அவருடைய பழைய நூலகத்தில்தான். புதிய பள்ளி நெடுஞ்சாலைக்கு அப்பால் போய்விட்ட பிறகு, செங்கல் கட்டடத்தில் அந்த ஓர் அறை மட்டும் உயிரோடு இருந்தது. அவருடைய மேசை, மணி, நாற்காலி, நாற்காலியின் முதுகில் அவர் கடைசியாகத் தொங்கவிட்ட சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொரு தீர்மானத்தின் முடிவிலும் ஆர்டிஸ் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பி, "மிஸ் ட்வெட்டன்?" என்று கேட்பார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். வெளியே ஏரி முனகும். "மிஸ் ட்வெட்டனுக்கு மறுப்பில்லை" என்று ஆர்டிஸ் அறிவிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லோவெல் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

"செவ்வாய்க்கிழமை என் பதவிக்காலம் முடியுது, ஆர்டிஸ்."

"தெரியும். உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு."

"முடிஞ்சா என்ன ஆகும்?"

"புதுப்பிப்போம்."

"புதுப்பிக்காம விட்டா?"

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்கு இஷ்டமில்லையா?"

"அப்படின்னு நான் சொன்னேனா?"

"சொல்லேன். யாரு வேண்டாங்கிறது? எழுந்து நின்னு, எனக்கு மறுப்பு இருக்குன்னு சொல்லு. ஒரு ஆள் மறுத்தாப் போதும், தீர்மானம் விழுந்துடும். நீ பாட்டுக்கு ஐஸ் மேல போய் உட்காரலாம்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். மார்லிஸ் முன்னாடி, ஓரின் முன்னாடி, மிஸ் ட்வெட்டன் முன்னாடி."

லோவெல் உருளைக்கிழங்கை நெடுநேரம் மென்றார்.

"நாப்பது வருஷமா உன்னைப் பாக்கறேன்" என்றார் ஆர்டிஸ், கனிவாகவே. "சலூன்காரன் ஒரு பக்க மீசையை மறந்துபோய் எடுத்துட்டப்பவும், 'நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லிக் காசு குடுத்துட்டு வந்தவன் நீ. ஒரு மாசம் அரை மீசையோட அலைஞ்ச. நீயாவது, மறுக்கிறதாவது."

"அது வேற."

"எது வேற?"

"மீசை தானா வளந்துடும்."

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தன்னால் மறுக்க முடியாது; சரி. ஆனால் மறுப்பதற்குக் குழுவில் இன்னொருவர் இருக்கிறாரே. கூச்சம் இல்லாதவர். ஊர் என்ன நினைக்கும் என்ற கவலையைக் கடந்துவிட்டவர். அவருக்கு வாய்தான் இல்லை, மணி இருக்கிறது. மணிக்குத் தேவை ஒரு விரல். விரலுக்குப் பதிலாகத் தூண்டில் நூல் போதாதா?

மறுநாள் காலை, ஆர்டிஸ் தேவாலயத்தில் போர்வை தைக்கப் போகிறேன் என்று கிளம்பிய சிறிது நேரத்தில், லோவெல் நூலகத்துக்குப் புறப்பட்டார். கட்டடத்தின் வெந்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது. ஆகவே சாவி அவரிடம் இருந்தது. மூடுபனி ஏரியிலிருந்து ஏறி வந்து தெருவை மறைத்திருந்தது. மரங்களின் கிளைகளெல்லாம் உறைபனியில் வெண்மயிர் முளைத்ததுபோல் நின்றன.

வாசற்படியில் அவர் தயங்கினார். புதுப்பனியில் காலடித் தடங்கள் தெரிந்தன. சிறிய பாதங்கள், ஒரு பெண்ணுடையவை. தெருவிலிருந்து நேராகக் கதவுவரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

கதவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.

"காத்து அழிச்சிருக்கும்" என்று லோவெல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். காற்று அன்று அடிக்கவே இல்லை. போகும் தடத்தை அழித்துவிட்டு, வரும் தடத்தை மட்டும் விட்டுவைக்கும் காற்று எது என்று மேற்கொண்டு யோசிக்காமல் பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

நூலகத்தில் பசையும் பழைய தாளும் கலந்த வாடை. வெளிச்சம் பால்போல் கலங்கியிருந்தது. புத்தக அலமாரிகள் வரிசை வரிசையாக உள்ளே போய்ப் பின்னால் இருட்டில் கரைந்தன. லோவெல் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. மிஸ் ட்வெட்டனின் மேசைக்கடியில் ஊர்ந்து சென்றார். பழைய காலத்து மேசை. மைக்கூடு வைக்கும் துளை இருந்தது. கண்ணாடிபோல் நிறமில்லாத மெல்லிய தூண்டில் நூலை மணியின் குமிழ்மேல் சுற்றி, துளை வழியாகக் கீழே இறக்கி, அதை ஒட்டிப் போட்டிருந்த நீளமான கூட்ட மேசையின் அடிப்பக்கமாகவே கொண்டுபோய், தான் வழக்கமாக உட்காரும் நாற்காலிவரை இழுத்துவந்தார். பெரிய மீன்களுக்குப் போடும் முடிச்சுதான் போட்டார். பிறகு, உட்கார்ந்து, நூலை மெல்ல இழுத்தார்.

டிங்.

அந்த ஒலி அலமாரிகளுக்கிடையே போய், எங்கேயோ நின்று, திரும்பி வந்தது.

"மன்னிக்கணும், மிஸ் ட்வெட்டன்" என்றார் லோவெல். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

முடிச்சை ஒரு தடவை சரிபார்க்க மறுபடி மேசைக்கடியில் போனார். முழங்கால் வலியில் எழுந்திருக்கும்போது, பிடிமானத்துக்காக மிஸ் ட்வெட்டனின் நாற்காலியில் கையை ஊன்றினார்.

நாற்காலி சூடாக இருந்தது.

வெயிலின் சூடு அன்று. வெயில் வந்து பல நாளாகிறது. குழாயின் சூடும் அன்று. குழாய் மறுகோடியில் இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்துபோன சூடு. கம்பளிச் சட்டையின் ஒரு கை, நாற்காலியின் கைப்பிடிமேல் மடித்து வைத்ததுபோல் கிடந்தது. உள்ளே வரும்போது அது தொங்கிக்கொண்டிருந்ததா, இல்லையா? லோவெலுக்கு நினைவில்லை. நினைவுபடுத்திக்கொள்ளும் ஆவலும் இல்லை. தொப்பியை மறந்துவிட்டு வெளியே வந்து, தெருமுனை வந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நூலை மறுபடி இழுத்துப் பார்க்க லோவெலுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேசைக்கடியில் கையை விட்டு, அதன் நுனி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. அவருடைய தொப்பி, அழகாகப் பனி தட்டப்பட்டு, அவருடைய நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது.

"இதை யாரு இங்க மாட்டினது?" என்று கேட்டார் லோவெல்.

"உன் தொப்பிதானே?" என்றார் இரும்புக்கடை ஓரின். "நீ மாட்டியிருப்ப."

"இல்லையே."

"அப்ப மிஸ் ட்வெட்டன் மாட்டியிருப்பாங்க" என்றார் செயலர் மார்லிஸ், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சிதறிக் கிடந்தா அவங்களுக்குப் பிடிக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராகத் தத்தம் தொப்பியை ஒழுங்காக எடுத்து மாட்டினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மூடுபனி கண்ணாடியில் முகத்தை அழுத்தி உள்ளே பார்ப்பதுபோல் நின்றது. முதலில் ஊதுகுழல் விஷயம்: பேண்டு குழுவின் பெரிய ஊதுகுழல் ஊதினால் கன்றுக்குட்டி கத்துவதுபோல் கேட்கிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். மறுப்பில்லை. பிறகு பூட்ஸ். மறுப்பில்லை. ஒவ்வொரு முறையும் ஆர்டிஸ் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு முறையும் ஏரி முனகியது. இன்றைக்கு அது வழக்கத்தைவிடக் கிட்டத்தில் கேட்டது. ஜன்னலுக்குக் கீழேயே வந்து படுத்துக்கொண்டதுபோல.

"அடுத்தது" என்றார் ஆர்டிஸ், "லோவெலோட பதவிக்காலம்."

லோவெலின் விரல் மேசைக்கடியில் நூலைச் சுற்றிக்கொண்டது.

"நான் ஒண்ணு யோசிச்சேன்" என்று ஆர்டிஸ் நிதானமாகத் தொடர்ந்தார். "லோவெல் பாவம். இத்தனை வருஷமா வாயைத் திறக்காம உழைச்சாச்சு. அவருக்கும் வயசாகுது. ஐஸ் மேல அந்தக் குடிசை காத்துக்கிட்டிருக்கு. அதனால, புதுப்பிக்க வேண்டாம்; நன்றி சொல்லி விடுவிச்சிடலாம்னு முன்மொழியறேன்."

லோவெலுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. விரல் தானாக நூலை விட்டது. நாற்பது வருட மணவாழ்க்கையில் தன் மனைவியைத் தான் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை என்று தோன்றியது. என்ன பெண்! என்ன தாராளம்! இவளை ஏமாற்றவா மேசைக்கடியில் எலிபோல ஊர்ந்தோம்? கண் கலங்கிவிட்டது.

"அடடே" என்றார் ஓரின். "அதுவும் ஒரு விதமாத்தான் இருக்கு."

"மறுப்பு உண்டா? மார்லிஸ்?"

"இல்ல."

"ஓரின்?"

"எனக்கென்ன."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஆர்டிஸ் நாற்காலியின் பக்கம் திரும்பினார். "மிஸ் ட்வெட்டன்?"

லோவெல் புன்னகையோடு காத்திருந்தார். மனம் ஏற்கெனவே ஏரிமேல் பாதி தூரம் போய்விட்டது. எல்லாரும் வழக்கம்போல் மூச்சைப் பிடித்தார்கள். ஏரி முனகவில்லை. முதல்முறையாக ஏரி முனகவில்லை.

டிங்.

ஒரே ஒரு முறை.

மார்லிஸின் கையிலிருந்து ஊசி நழுவித் தரையில் விழுந்தது. ஓரின் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். நரைத்த தலைகள், தொந்திகள், மூட்டுவலிகள், எல்லாம் பள்ளிப்பிள்ளைகள்போல் கைகட்டி நின்றன. லோவெல் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

நான் இழுக்கவில்லை. லோவெல் தன் கையைப் பார்த்தார். நான் இழுக்கவே இல்லை. குனிந்து நூலைப் பிடித்து மெல்ல இழுத்தார். எந்தத் தடையும் இல்லாமல் அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நுனி அவர் மடியில் வந்து விழுந்தது. கத்தரியால் வெட்டியதுபோல் சுத்தமான நுனி. மணியில் எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. மணி தனியாக, பளபளவென்று, அந்த மேசைமேல் இருந்தது. பக்கத்தில், கம்பளிச் சட்டையின் கை.

"மிஸ் ட்வெட்டனுக்கு மறுப்பு இருக்கு" என்றார் ஆர்டிஸ். அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "எழுதிக்கோ, மார்லிஸ். லோவெலை விடுவிக்கிற தீர்மானம் விழுந்துடுச்சு."

"விழுந்துடுச்சு" என்று மார்லிஸ் கிசுகிசுத்தார். அந்த வார்த்தையை அவர் எழுதுவது அதுவே முதல் தடவை.

"எல்லாரும் உட்காருங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குப் புரியுது. லோவெல் இருக்கணும்னு அவ்வளவு ஆசைப்படறாங்க. சும்மா ஓர் ஓரத்துல உக்கார வச்சா அவங்களுக்கு மரியாதையா? நானும் தலைவரா இருந்து களைச்சுப்போயிட்டேன். அதனால நான் விலகிக்கறேன். என் இடத்துல லோவெலைத் தலைவரா முன்மொழியறேன். மறுப்பு உண்டா?"

இதுதான் அந்தத் தருணம். சபதம் எடுத்ததே இதற்காகத்தான். லோவெல் வாயைத் திறந்தார். உள்ளே "முடியாது" என்ற சொல் முழுசாக, தயாராக இருந்தது. நெஞ்சுவரை வந்தது. தொண்டைவரை வந்தது. அங்கே உறைந்துவிட்டது. வாயை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். வாளியில் கிடந்த பெர்ச் மீன் அந்தக் கணத்தில் அவரைப் பார்த்திருந்தால் அடையாளம் கண்டுகொண்டிருக்கும்.

"லோவெலுக்கு மறுப்பில்லை" என்றார் ஆர்டிஸ். "மிஸ் ட்வெட்டன்?"

ஏரி நீளமாக, திருப்தியாக முனகியது.

"நிறைவேறியது."

கை தட்டினார்கள். யாரோ எலுமிச்சைக் கேக் கொண்டுவந்திருந்தார்கள்.

திரும்பும்போது வண்டியை ஆர்டிஸ்தான் ஓட்டினார். சாலையில் மூடுபனி, விளக்கு வெளிச்சம் சுவரில் மோதுவதுபோல் அதில் மோதி நின்றது.

"ஆர்டிஸ்."

"ம்."

"நேத்து நீ போர்வை தைக்கத்தானே போன?"

"போனேன். போற வழியில நூலகத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் போவேன். மிஸ் ட்வெட்டன்கூடப் பேசிட்டு வருவேன்."

லோவெல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அந்தக் காலடி?"

"என்னோடதுதான்."

"கதவு பூட்டியிருந்துச்சே?"

"என்கிட்டயும் ஒரு சாவி இருக்கு; உள்ள போய் நான்தான் பூட்டிக்கிட்டேன். குளிருது."

"அந்த நாற்காலி, சூடா..."

"நான் உக்காந்திருந்தேன். சாவி சத்தம் கேட்டதும் அலமாரிக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன். நீ மேசைக்கு அடியில என்ன பண்றன்னு பாக்கணுமே." ஆர்டிஸ் வண்டியை வளைவில் பதமாகத் திருப்பினார். "நல்ல முடிச்சு, லோவெல். வெட்டவே மனசு வரல."

"நூலை வெட்டினது நீயா!"

"அவங்க இழுப்பறையில கத்தரி இருந்துச்சு. உன் தொப்பியையும் நான்தான் எடுத்து மாட்டினேன். தலையில ஒண்ணுமில்லாம ஓடினியே, சளி பிடிக்கலையே?"

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதுபோல் லோவெலுக்கு இருந்தது. ஆவியும் இல்லை, பேயும் இல்லை; கட்டிய மனைவிதான். தோற்றாலும் வீட்டுக்குள்ளேதான் தோற்றிருக்கிறோம். வாய்விட்டுச் சிரித்தார். நாளைக்கே குழுவைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"பெரிய ஆள்தான் நீ" என்றார். "ஒத்துக்கறேன். சரி, மணியை எப்படி அடிச்ச? அதைச் சொல்லு. நீ மேசையோட மறுகோடியில உக்காந்திருந்த. கையும் மேலதான் இருந்துச்சு. நான் பாத்தேன். இன்னொரு நூல் கட்டியிருந்தியா?"

துடைப்பான் கண்ணாடியில் ஒரு முறை போய்வந்தது.

"நான் எதுக்கு அடிக்கணும்?" என்றார் ஆர்டிஸ். "நீ நூல் கட்டின. நான் வாயைத் திறந்து கேட்டேன். அவ்வளவுதான்."

"யார்கிட்ட கேட்ட?"

"அவங்ககிட்டதான். நேத்து, நீ போன பிறகு. என் புருஷனை விட்டுடாதீங்க மிஸ் ட்வெட்டன், எனக்கு ஒரு குளிர்காலமாவது ஓய்வு வேணும்னு கேட்டேன்." வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்தார். "அப்ப அவங்க ஒண்ணும் சொல்லல. மறுப்பில்லைன்னு எடுத்துக்கிட்டேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை லோவெல் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் மார்லிஸ். எதிர்க்கோடியில், காலியான நாற்காலியும் கம்பளிச் சட்டையும். மூடுபனி விலகி, ஜன்னல் வழியே ஏரி முழுவதும் தெரிந்தது. அதன் நடுவே அவருடைய குடிசை. அதன் குழாயிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே, அவருடைய முக்காலியில், அவருடைய தூண்டிலைப் பிடித்துக்கொண்டு ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தார். காலையில் சாவியைக் கேட்டபோது லோவெல் மறுக்கவில்லை. மத்தியானத்துக்குள்ளேயே ஆர்டிஸ் பெர்ச் மீனாகப் பிடித்துத் தள்ளிவிட்டதாக ஓரின் செய்தி கொண்டுவந்திருந்தார்.

"தலைவரே, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் மார்லிஸ். "ஆர்டிஸ் சொல்லியனுப்பினாங்க. பூட்ஸ் வாங்கப் பணம் பத்தலையாம். குளிர்காலம் முடியற வரைக்கும் சனிக்கிழமையும் குழு கூடி, ஊருக்கு அப்பம் சுட்டு விக்கலாமேங்கிறாங்க. தலைவர்தான் அடுப்புல நிக்கணுமாம். நான் முன்மொழியறேன். மறுப்பு உண்டா?"

சனிக்கிழமை. அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே நாள். லோவெலுக்குள் ஏதோ ஒன்று, பனிக்கட்டி பிளப்பதுபோல், சத்தத்தோடு பிளந்தது. எழுந்து நின்றார். தொண்டை அடைக்கவில்லை. சொல் வந்தது, உண்மையாகவே வந்தது, ஊரே வியக்கும்படி கணீரென்று வந்தது.

"எனக்கு ஒரு ம..."

டிங்.

நூலகத்தில் பேசி மாட்டிக்கொண்ட பள்ளிப்பிள்ளைபோல் லோவெல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மறுப்பில்லை" என்று மார்லிஸ் எழுதிக்கொண்டார்.